கேட்க மட்டும்

மலையடிவார மடத்தில் கணினி சர்வரைக் காத்து வந்தவர் ஞானாம்பிகை. அவரிடம் அந்த வித்தையைக் கற்கச் சேர்ந்தவர் வெள்ளையப்பன். குருவைவிட வயதில் மூத்த சீடர், எதற்கெடுத்தாலும் பதறுகிறவர்.

மலையைக் கல்குவாரி தின்றுகொண்டிருந்தது. வெடியில் வீடு விரிசல் விட்ட ஊர்க்காரர்களின் குரல்களைப் பதிவுசெய்து, சர்வரில் ஒரு கோப்புறையில் வைத்திருந்தார் சீடர். குவாரி விசாரணையில் கலெக்டர் முன்னால் அவை ஒலிக்க வேண்டும்.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் ஒரு குரலைக் காணவில்லை. சீடரின் தங்கை பேச்சியம்மாளின் குரல்.

"ஒவ்வொண்ணையும் 'கேட்க மட்டும்'னு பூட்டினேனே அம்மா! ஒரு சொல்லைக்கூட யாரும் மாத்த முடியாதே. எப்படி அழிஞ்சுது?"

குரு சீடரின் சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். குரங்குக்குப் பயந்து அதற்கும் ஒரு பூட்டுப் போட்டிருந்தார் மனிதர். குரு அதைத் திறந்த ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

குரங்கு வந்தது. பூட்டை இழுத்துப் பார்த்தது. பிறகு டப்பாவையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரமேறியது.

"ஐயோ, என் புளியோதரை!"

"பூட்டு அப்படியேதானே ஐயா இருக்கு?" என்றார் குரு.

சீடர் ஜன்னலைப் பார்த்தார். விட்டுப்போன ஊரார் தாங்களே குரலைக் கொண்டுவந்து வைக்கட்டும் என்று கோப்புறையை எல்லாருக்கும் திறந்துவிட்டவர் அவர்தான். உள்ளே வைக்க முடிந்தவர் எடுத்து எறியவும் முடியும். இது உறைத்ததும் அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

சர்வருக்கு மனிதர்கள் மூன்றே வகை: உரியவர், குழுவினர், மற்றவர். வைக்கவும் அழிக்கவும் உரியவரான தனக்கு மட்டும் என்று கோப்புறையை அடைத்தார் சீடர். குரல் கொடுத்தவர்களைக் குழுவாக்கினார். குழுவினரும் மற்றவரும் கேட்க மட்டும்.

"தங்கச்சி?" என்றார் குரு.

"திரும்ப வருவா அம்மா. இந்தத் தடவை இன்னும் சத்தமாப் பேசுவா."

மாலையில் மடத்து நிர்வாகி ஆவுடைநாயகம் கொதித்துக்கொண்டு வந்தார். குவாரிக்காரருக்கு அவர் சம்பந்தி.

"அந்தக் கோப்புறையில கை வைக்கவே முடியல. யார் அடைச்சது?"

சீடர் முன்னே வந்தார். "நான்தான்," என்றார்.

நிர்வாகி குருவின் பக்கம் திரும்பினார். "மடம் எல்லாருக்கும் பொது அம்மா. திறந்துவிடச் சொல்லுங்க."

"திறந்துதான் இருக்கு. உட்கார்ந்து கேளுங்க. நாற்பது பேர் பேசியிருக்காங்க."

"கேட்கிறதுக்கா வந்தேன்? உன்கிட்ட எல்லாத்தையும் திறக்கிற தலைச்சாவி இருக்குல்ல, நீயே திற!"

"இருக்கு. திறக்க மாட்டேன்."

"நாளைக்கே உன்னை மடத்தைவிட்டு அனுப்பிடுவேன். நான் யாருன்னு தெரியுமா?"

குரு அந்த மூன்று வகையும் வரிசையாகத் தெரிந்த திரையை அவர் பக்கம் திருப்பினார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

"தெரியும். மற்றவர்."