பரிசல் தொட்டில்

ஒரு ஊர்ல ஒரு அம்மா. பேரு ரோஸ்லின். அவளுக்கு எதைக் கண்டாலும் பயம். பல்லி கத்தினா பயம், பால் பொங்கினா பயம், காலிங் பெல் அடிச்சாக்கூட நெஞ்சு திக்குனு ஆயிடும். தண்ணின்னா கேக்கவே வேணாம். எங்க, ம் சொல்லு.

பங்குனி மாசத்து ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்ச கையோட அவ புருஷன் செல்வின், நாத்தனா மெர்சி, நாலு வயசு மக நித்தி, எல்லாருமா மலையடிவாரத்து ஏரிக்குக் கிளம்பினாங்க. ரோஸ்லின் ஒரு பையில சோறு எடுத்தா, மூணு பையில மருந்து எடுத்தா. "அண்ணி, ஆம்புலன்ஸ் தனியா வருதா, நம்ம கூடவே வருதா?"ன்னு கேட்டா மெர்சி.

ஏரியில ஆள் அரவமே இல்ல. கரையில புங்கமரம் பொலபொலன்னு பூவைக் கொட்டி, தரையெல்லாம் பொரி இறைச்ச மாதிரி கெடந்துச்சு. சாப்பிட்டதும் நித்திக்குக் கண்ணு சொக்குச்சு. தரையிலயோ எறும்பு. அப்போ செல்வின், மீன் பிடிக்கிறவங்க கவுத்துப் போட்டிருந்த பரிசலைப் பாத்தார். வட்டமா, பெரிய கூடை மாதிரி. அதை நிமித்தி, காத்து வரட்டும்னு தண்ணியோரமா இழுத்துப் போட்டு, துண்டை விரிச்சுப் புள்ளையப் படுக்க வச்சுட்டார். தொட்டில் ரெடி. வேணாமேன்னு ரோஸ்லினுக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. மெர்சி சிரிப்பாளேன்னு முழுங்கிட்டா.

பரிசலை ஏன் கவுத்து வைக்கிறாங்கன்னு அந்த மூணு பேருக்கும் தெரியாது. நிமித்தி வச்ச பரிசல் காத்து சொல்ற பேச்சைத்தான் கேக்கும்.

அப்புறம் மூணு பேரும் பாத்திரம் அலம்பப் போனாங்க. மலையிலேருந்து விசுக்குனு ஒரு காத்து. திரும்பிப் பாத்தா, பரிசல் ஏரிக்குள்ள மெல்ல சுத்திக்கிட்டே போகுது. உள்ள நித்தி முழிச்சு உக்காந்திருக்கா.

செல்வின் தொபுக்குனு குதிச்சார். நீச்சல் தெரியாது. அவர் அடிச்ச அடியில அலை எழும்பி, பரிசலை இன்னும் தள்ளுச்சு. நாலு எட்டு போறதுக்குள்ள, சளக்குனு சேறு அவரை முட்டி வரைக்கும் பிடிச்சுக்கிச்சு.

அப்புறம் மெர்சி துப்பட்டாவை முறுக்கி வீசினா. அது சொத்துனு பாதியில விழுந்துச்சு. அதைப் பிடிக்க நித்தி எழுந்து நின்னா. பரிசல் ஒரு பக்கமா சாஞ்சுது. உக்காரு உக்காருன்னு ரெண்டு பேரும் கத்த, புள்ள மிரண்டு அழ ஆரம்பிச்சுட்டா.

அப்போதான் ரோஸ்லின் தண்ணியில கால் வச்சா. சேறு இல்லாத பக்கமா, அலை எழும்பாம, மெல்ல. பயமும் அவ கூடவே இறங்குச்சு. ஆனா வாயைத் திறந்தா, வந்தது வீட்டுல ராத்திரி வர்ற அதே குரல்.

"நித்தி, ஒரு ஊர்ல ஒரு எறும்பு இருந்துச்சாம்."

அவங்க வீட்டுல ஒரு சட்டம். கதைன்னா படுத்துக்கிட்டுத்தான் கேக்கணும். ம் போடலைன்னா கதை நின்னுடும். பழக்கதோஷம், நித்தி அழுகைய விட்டுட்டு சட்டுனு படுத்துட்டா. பரிசல் நேராச்சு.

"ம்."

முழங்கால் தண்ணி. "எறும்புக்கு சளி பிடிச்சுக்கிச்சாம்."

"ம்."

இடுப்புத் தண்ணி. "மூக்கு சிந்தக் கைக்குட்டை இல்லையாம்."

"ம்..."

கழுத்துத் தண்ணி. "யானைகிட்டப் போயி, உன் காதைக் கொஞ்சம் குடுன்னு கேட்டுச்சாம்."

சத்தம் இல்ல.

"கேட்டுச்சாம், நித்தி."

சத்தமே இல்ல. கரையில மெர்சி வாயைப் பொத்திக்கிட்டா. பயம் ரோஸ்லின் காதுல என்னென்னவோ சொல்லுச்சு. அவ காதுல வாங்கல. நுனிக்கால்ல ஒரு எட்டு. இன்னொரு எட்டு. பரிசலைப் பிடிச்சு, மூங்கில் பின்னல்ல காதை வச்சா.

உள்ளேருந்து, குர்ர்ர்... குர்ர்ர்...

அப்புறம் என்ன, பரிசலை மெல்ல மெல்ல இழுத்துக்கிட்டுக் கரைக்கு நடந்தா. சேத்துல நின்ன செல்வின், "ரோஸ்லின், ரோஸ்லின்"னு விக்கி விக்கிக் கூப்பிட்டார். மெர்சியும் அழுதுக்கிட்டே ஓடி வந்தா.

ரோஸ்லின் உதட்டுல விரல் வச்சா. "ரெண்டு பேரும் சத்தம் போடாதீங்க. புள்ள தூங்குது."

கதை கரையேறியாச்சு. நீயும் கண்ணை மூடிக்கோ, தங்கம்.