விரட்டிய வெயிலைத் தேடிப் போன ராஜா

வெகு காலத்துக்கு முன்னே, எந்த வருஷம் என்று மட்டும் கேட்காதீர்கள், கொன்றைபுரியை வச்சிரதரன் என்ற ராஜா ஆண்டான். அவனுக்கு வெயில் என்றால் ஆகாது. அண்டகோளன் என்ற மந்திரவாதி முந்நூறு மாய விசிறிகளைக் கொண்டுவந்து அரண்மனையில் மாட்டினான். அவை தாமாகவே ஆடின. வெயில் எல்லாம் வெளியே பறந்தது. எங்கே போகும் என்று ராஜா கேட்கவில்லை.

போன இடம் கடலோர உப்பளம். முதல் மாதம் அங்கே ஒரே கொண்டாட்டம். பத்து நாளில் விளைகிற உப்பு மூன்றே நாளில் விளைந்தது. உப்பள ஜனங்கள் சூரியனுக்குப் பொங்கல் வைத்து, "இன்னும் காயப்பா" என்று வேண்டிக்கொண்டார்கள். பாவம்! இரண்டாம் மாதம் குடிநீர்க் கிணறு வற்றியது. மூன்றாம் மாதம், உப்பு வாரும் பூவாயியின் கைக்குழந்தை காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தது.

பூவாயி முறையிட அரண்மனைக்கு நடந்தாள். அங்கே நடுப்பகலில் எல்லோரும் கம்பளி போர்த்தி, கணப்பு மூட்டி நடுங்கிக்கொண்டிருந்தார்கள். விசிறியை நிறுத்தலாமே என்றால், முந்நூறும் ஆடுவதுதான் கௌரவமாம்.

வாசலில் மந்திரவாதியைப் பிடித்தாள். "வெயிலு ஏன் சாமி எங்க ஊருக்கே வருது?"

பெருமைக்காரன், சொல்லிவிட்டான். "அரண்மனைக்காரர் கால் படாத இடத்துக்குத்தான் அது போகும். அப்போதுதானே இங்கே யாருக்கும் தெரியாது!"

பூவாயி நேரே ராஜாவிடம் போனாள். "மகாராசா, எங்க ஊருல கம்பளியே வேண்டாம். கதகதன்னு இருக்கும். வாங்களேன்."

பல் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்த ராஜா உடனே கிளம்பினான். அவன் கால் உப்பளத்தில் பட்டதும் வெயில் எழுந்து ஓடியது. குழந்தை கண் திறந்து பாலுக்கு அழுதது. பூவாயி அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் தூரத்து மேய்ச்சல் காட்டில் புகை எழும்பியதைப் பார்த்ததும், வெயில் அங்கே போய்விட்டது என்று அவளுக்குப் புரிந்தது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"எங்கே கதகதப்பு?" என்றான் ராஜா.

"அந்தக் காட்டுல மகாராசா."

காட்டில் ராஜா கால் வைத்ததும் வெயில் ஓடியது. ஆட்டுக்குட்டிகள் செத்துக் கிடந்தன. "யார் கொன்றது?" என்றான்.

"நீங்க வெரட்டின வெயிலுதான்."

வெயில் அடுத்து மீனவர் தீவில் போய் இறங்கியது. இந்த முறை ராஜாவே முன்னால் நடந்து, அவனே படகு ஏறினான். இப்படியே நாடு முழுக்க மிதித்து முடித்தான். போக இடமில்லாத வெயில் அரண்மனைக்கே திரும்பியது. முந்நூறு விசிறிகளும் படபடவென்று ஒடிந்து விழுந்தன.

மந்திரவாதி ஓடிவந்தான். "கவலை வேண்டாம் மகாராஜா! கடலுக்கு அப்பால் எத்தனையோ நாடுகள். அங்கே அனுப்பிவிடுகிறேன்."

ராஜா கொப்புளம் போட்ட கால்களை நீட்டிக் காட்டினான். "அங்கேயும் நான்தானே நடக்க வேண்டும்? நீ போய் வா."

உப்பளத்துக்கு நல்ல தண்ணீர்க் கிணறு கிடைத்தது. அன்று முதல் கொன்றைபுரியில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வியர்த்தது, ராஜாவுக்கும்.