நடுவில் ஒட்டாத நீலம்

கோவை கணபதியில் கோகிலவாணியின் பட்டறையில் கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் காட்டுவார்கள். சூடேறும் சிப்பின் தலைமேல் ஒரு செம்புக் கட்டி உட்காரும். அதன் வயிற்றுக்குள் ஓடும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். அந்தக் கட்டியை மெஷினில் குடைந்து செய்வதுதான் அங்கே வேலை.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் திருமூர்த்தி. குருவைவிட வயதில் மூத்தவர். அதுவரை பித்தளைக் குத்துவிளக்குகளுக்குச் சக்கரத்தில் மெருகு போட்டுப் பிழைத்தவர். ஊரில் அவர் மெருகுக்குப் பெயர் உண்டு. ஆனால் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. இனி சக்கரத்தின் முன்னால் உட்காராதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வேலை கைகூடாவிட்டால் அவருக்கு அந்தத் தூசியை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

முதல் கட்டியை அவர் முடித்தார். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற ஒருவருடைய கம்ப்யூட்டருக்கு அது. சாயங்காலம் அந்த வீடியோக்காரர் அதை வாங்க வந்துவிடுவார். இது தேறினால் இனி வருகிற கட்டிகளையும் உங்கள் கையிலேயே விடுகிறேன் என்று கோகிலவாணி சொல்லியிருந்தார்.

திருமூர்த்தி தான் கையாலேயே தேய்த்து மெருகேற்றியிருந்த கட்டியின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

"அம்மணி, மூஞ்சி தெரியுது பாருங்க."

கோகிலவாணி பார்த்தார்.

"தெரியுதுங்ணா. மாட்டுங்க."

பட்டறைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஓடவிட்டார்கள். சூடு ஏறியது. தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது. கம்ப்யூட்டர் தானே அணைந்துவிட்டது.

"பம்ப்பு தண்ணிய இழுக்க மாட்டேங்குதுங்க," என்றார் திருமூர்த்தி.

"மாத்திப் பாருங்க."

மாற்றினார். மறுபடியும் அணைந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கும் சில நாள் கூடம் கோணலாகத்தான் தெரியும்.

சிப்புக்கும் செம்புக்கும் நடுவே பொடி இடுக்குகளை அடைக்கக் கொஞ்சம் பசை தடவுவது வழக்கம். திருமூர்த்தி அதை இன்னும் அள்ளி வைத்து மாட்டினார். இந்தத் தடவை சீக்கிரமே அணைந்தது.

பழைய பட்டறையின் சத்தம் காதில் கேட்பதுபோல் இருந்தது அவருக்கு. பயந்துபோனார்.

"தப்பு எங்கீங்க அம்மணி? சொல்லிப் போடுங்க."

கோகிலவாணி சமம் பார்க்கிற கருங்கல் பலகையைத் துடைத்தார். அதன்மேல் நீல மையை மெல்லிசாகத் தேய்த்தார். அலமாரியிலிருந்து தான் செய்த கட்டி ஒன்றை எடுத்துத் திருமூர்த்தி கையில் கொடுத்தார். மங்கலாக, கோடு கோடாக இருந்தது அது. குத்துவிளக்காக இருந்தால் திருமூர்த்தி அதைக் கடைக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

"கல்லு மேல வெச்சு எடுங்ணா."

வைத்து எடுத்தார். அடி முழுக்க நீலம்.

"இப்ப உங்களுது."

பசையைத் துடைத்துவிட்டு வைத்து எடுத்தார். ஓரம் சுற்றி நீலம் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு பொட்டுகூட இல்லை. அந்த இடம் மட்டும் பளபளவென்று மின்னியது.

திருமூர்த்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடுவுலதானுங்க சிப்பு உக்காரும். அங்கதான் நல்லாத் தேச்சேன்."

"ஆமாங்ணா. அங்கதான் பள்ளம். செம்பு சிப்பைத் தொடவே இல்லீங்க."

கோகிலவாணி ஒரு தடித்த கண்ணாடிப் பலகையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் உப்புத்தாள் ஒட்டியிருந்தது.

"இதுல தேய்ங்க. நீலம் அடி முழுக்க ஒட்டற வரைக்கும்."

"மெருகு போயிருமுங்களே?"

"போயிருங்ணா."

"வீடியோக்காரரு வர்ற நேரமுங்க."

"உக்காரச் சொல்லிக்கலாம். டீ வாங்கிக் குடுத்தாப் போச்சு."

திருமூர்த்தி கட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றார். உப்புத்தாள் மேல் வைக்கக் கை வரவில்லை. அவமானம்கூட இல்லை அது. வலித்தது.

"பசையையே இன்னும் கெட்டியானதாப் பாத்துப் போட்டா?"

"பசை எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லதுங்ணா."

தெருவில் இரும்புக் கம்பி ஏற்றிய வண்டி ஒன்று போனது. அது போகும்வரை காத்திருந்துவிட்டுத் திருமூர்த்தி கேட்டார்.

"அம்மணி, எனக்குத் தெரிஞ்சது இந்த மெருகு ஒண்ணுதானுங்க. அதையும் தேச்சு எடுத்துட்டா, அந்தச் சிப்புக்கும் செம்புக்கும் நடுவுல என்னோடதுன்னு என்ன இருக்கும்?"

"எதுவும் இருக்கக் கூடாதுங்ணா. இருந்தா சூடு இறங்காது."

திருமூர்த்தி மின்னுகிற பக்கத்தை உப்புத்தாளின் மேல் கவிழ்த்தார்.