நாற்றம் நின்ற நாள்

"பயமா இருக்கு மேடம். இது எப்பத்தான் போகும்?"

கேட்டவர் திரவியம். வயது ஐம்பத்திரண்டு. கல்லூரியில் வேதியியல் வாத்தியார். போதாக்குறைக்கு ஆராய்ச்சி மாணவர். வழிகாட்டியான பேராசிரியர் ஆபிதா பேகம் அவரைவிடப் பத்து வயது இளையவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார்.

பயத்துக்குக் காரணம் குளுட்டாதயோன். சோகை பிடித்த குழந்தைகளின் ரத்தத்தில் அதை அளப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. ரத்தத்தில் கந்தகத்தைச் சுமந்துகொண்டு திரியும் பொருள். உடம்புக்குள் இருக்கும்வரை சமர்த்து. வெளியே எடுத்தாலோ நிமிஷத்துக்கு நிமிஷம் குறையும். அந்தக் குறைவை நிறுத்த, ஊசியை உருவிய கையோடு ரத்தத்தில் அமிலம் விட்டாக வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து அமிலம் விட்டால், நல்ல பிள்ளையின் ரத்தமும் நோயாளி ரத்தமாகத் தெரியும்.

"போனா வந்து சொல்லுங்க சார்," என்றார் ஆபிதா.

அவ்வளவுதான் உபதேசம்.

திரவியம் ஐந்து வருஷம் பயந்தார். குழந்தைகள் வார்டுக்குத் தானே போனார், அமிலத்தைத் தானே விட்டார், ஒவ்வொரு டியூபையும் மூன்று தடவை அளந்தார். அப்படியும் சோறு இறங்காது. எண்களோ இப்படியும் அப்படியும் ஆடின.

கடைசி மூன்று மாதத்தில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. சோகை பிடித்த குழந்தைகளுக்குக் குளுட்டாதயோன் குறைவு!

வார்டு டாக்டர் துள்ளிக் குதித்தார். திங்கட்கிழமை முதல் நாற்பது குழந்தைகளுக்கும் அந்தக் குறையை ஈடுகட்டும் மருந்து ஏற்றுவதாகச் சொல்லிவிட்டார். சில குழந்தைகளுக்கு மூச்சு இரைக்கச் செய்யும் மருந்து அது. தேவை இருந்தால்தான் அதைத் தொடலாம்.

வெள்ளிக்கிழமை திரவியம் லேபுக்கு வந்தார்.

"போயிடுச்சு மேடம்."

"எது?"

"பயம்."

ஆபிதா நிமிராமலே தலையை ஆட்டினார். கையில் வேலை இருந்தது. ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் விஷம்; அதையே நம் உடம்பும் துளியூண்டு தயாரிக்கிறது. திரவியம் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

நடுவில் கரண்ட் போனது. கரண்ட் போவது புதிதா என்ன? இருவரும் சட்டை செய்யவில்லை. வாயுவை வெளியே இழுக்கும் ஃபேனும் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை.

நாற்றம் ஏறிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் திரவியம் கர்ச்சீப்பை மடித்துப் பையில் வைத்தார்.

"நல்லவேளை, நாத்தம் நின்னுடுச்சு மேடம்."

ஆபிதா நிமிர்ந்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். எதுவும் வரவில்லை.

"வெளியே ஓடுங்க!"

மூச்சை அடக்கிக்கொண்டு சிலிண்டரை மூடினார். திரவியத்தின் சட்டைக் காலரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். சைக்கிள் ஸ்டாண்டில் போய் விழுந்து இருவரும் இருமினார்கள்.

"என்ன மேடம்? நாத்தம்தான் போயிடுச்சே?"

"எங்க போச்சு? வாயு அதிகமானா மூக்கு செத்துடும் சார். ரெண்டு பேருக்கும் செத்துடுச்சு. இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா..."

திரவியம் லேப் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

இருமல் அடங்கியதும் ஆபிதா கேட்டார்.

"உங்க பயம் எப்பப் போச்சு?"

"மூணு மாசம் இருக்கும். கை பழகிடுச்சு, இனிமே என்ன பயம்னு தோணுச்சு."

"அதுக்கப்புறம் அமிலம் யாரு விட்டா?"

திரவியம் அந்த மூன்று மாதத்தை நினைத்துப் பார்த்தார்.

வார்டு நர்ஸ் அம்மாதான் விட்டார். ரவுண்ட்ஸ் முடிந்து, சாவகாசமாக.

போனை எடுத்தார். வார்டு டாக்டரின் எண்ணை அமுக்கினார்.

"டாக்டர், திரவியம் பேசறேன். மருந்து ஏத்தாதீங்க. ஒரு குழந்தைக்குக்கூட ஏத்தாதீங்க. என் அளவு தப்பா இருக்கலாம்... ஆமா, எல்லாமே. முதல்லேர்ந்து எடுக்கணும்."

டாக்டர் கத்தியது ஆபிதாவுக்கும் கேட்டது.

போனை வைத்தபோது திரவியத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்ப எப்படி இருக்கு சார்?"

"பயமா இருக்கு மேடம்."

"அப்பாடா," என்றார் ஆபிதா.