முள்ளம்பன்றி துடைத்த வடிகால்

மலையடிவாரக் காட்டில், ஒரு பெரும் பாறைக்கு அடியில், முள்ளம்பன்றிக் குடும்பம் ஒன்று வளை தோண்டிக் குடியிருந்தது. அப்பா பெயர் கூரன். அம்மா தாழை. ஒரே மகள் குண்டுமணி. அவளுக்கு முட்கள் அப்போதுதான் கெட்டிப்படத் தொடங்கியிருந்தன.

மழைக்காலத்தில் அந்தப் பாறை கசியும். வளைக்குள் சேரும் நீர் ஒரு வடிகால் வழியாக வெளியேறி, கீழே இருந்த சேற்றுப் பள்ளத்தில் போய் விழும். வடிகால் நேராக ஓடாது. நடுவில் ஓரிடத்தில் தொய்ந்து, வளைந்து, சற்று மேலேறி, பிறகுதான் இறங்கும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதில் தத்தன் என்ற தவளையார் ஒண்டுக்குடித்தனம் செய்துவந்தார்.

முள்ளம்பன்றி வீட்டு வடிகால் என்றால் கேட்க வேண்டுமா? உதிர்ந்த முள், கிழங்குத் தோல், மண் எல்லாம் அந்த வளைவில்தான் போய் அடைக்கும். தாழை அவ்வப்போது இறங்கி அவற்றை வாரிப் போடுவாள். கோடையில் கசிவு நின்றுவிட்டால், ஓடைக்குப் போய்ச் சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு வந்து வளைவில் ஊற்றுவாள்.

கூரனுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். "குளிச்சிட்டு வந்து சேத்துல புரளுற எருமையும் நீயும் ஒண்ணுதான்!" என்று கேலி செய்வான்.

ஒரு கோடையில் தாழையின் தங்கைக்குப் பிரசவம். மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். புறப்படும்போது அவள் சொன்னாள்:

"ஏங்க, சாயங்காலத்துக்குள்ள வந்துடுவேன். வடிகால் அடைச்சிருக்கு. வாரிப் போட்டுடுங்க. கடைசியில ஒரு குடுக்கை தண்ணி ஊத்த மறந்துடாதீங்க. ஏன்னா..."

"போதும், போதும்! வளையிலேயே பொறந்து வளர்ந்தவனுக்கு வளையைப் பத்திப் பாடம் சொல்றியா? நல்லபடியா போயிட்டு வா!"

தாழை மகளின் நெற்றியை நக்கிவிட்டுப் போனாள்.

கூரன் வேலையில் இறங்கினான். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவன் சோம்பேறி இல்லை. அடைத்துக் கிடந்த முள்ளையும் தோலையும் நகத்தால் கிளறி எடுத்தான். பிறகு வளைவில் நின்ற தண்ணீரையும் இறைக்கத் தொடங்கினான். தத்தன் பதறிப்போய்த் தலையை நீட்டினார்.

"அண்ணே! குப்பையை எடுங்க, வேணாங்கல. இந்தத் தண்ணியை மட்டும் விட்டுடுங்க! கீழே பள்ளத்துல இலையெல்லாம் அழுகிக் கிடக்குது. அந்த விஷக்காத்து இந்த வழியாத்தான் ஏறப் பார்க்கும். தண்ணி நிக்கிற வரைக்கும் அதால தாண்ட முடியாது!"

கூரன் கண்ணைச் சுருக்கினான். "தண்ணி போனா விஷக்காத்து வருமா, இல்ல உமக்கு வீடு போயிடுமா?"

"வீடும் போகும்தான். அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடுமா?"

"ஒண்ட வந்தவர் எனக்கு நியாயம் சொல்றீரா? நடையைக் கட்டும்!"

தவளையார் ஓடைக்குப் போய்விட்டார். கூரன் காய்ந்த புல்லால் வளைவை ஒரு சொட்டு ஈரமில்லாமல் துடைத்தான். பக்கத்து வளைக் கீரி வந்து எட்டிப் பார்த்து மூக்கில் விரல் வைத்தது.

"அடேயப்பா! தாழைகூட இப்படித் துடைச்சதில்லையே!"

அதைக் கேட்டதும் கூரனுக்குத் தலைகால் புரியவில்லை.

வெயில் ஏறியது. முள்ளம்பன்றிகளுக்குப் பகல்தான் படுக்கும் நேரம்.

"அப்பா, ஒரே வெக்கையா இருக்கு" என்றாள் குண்டுமணி.

வளையிலேயே குளுமையான இடம் வடிகால் ஓரம்தான். கூரன் அங்கே இளம்புல்லைப் பரப்பினான். "ஈரம்னு உங்கம்மா இங்க உன்னைப் படுக்கவே விடலை. இப்போ பாரு, எப்படி இருக்குன்னு! படுத்துக்கோ கண்ணு!"

"அம்மா வந்து பார்த்தா ஆச்சரியப்படுவாங்கல்ல?"

"வாயைப் பொளந்துடுவா!"

குண்டுமணி சிரித்துக்கொண்டே சுருண்டு படுத்தாள். கூரன் காவலுக்காக வளை வாசலில் போய்த் தலைசாய்த்தான்.

உச்சி வெயிலில் சேற்றுப் பள்ளம் கொதித்தது. அதிலிருந்து எழுந்த காற்றை வழிமறிக்க ஒன்றுமில்லை. சத்தமில்லாமல் வடிகாலில் ஏறி வளைக்குள் வந்தது.

கூரன் விழித்தபோது தலை வெடித்தது. வளை முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

"குண்டுமணி!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி, மகளைப் பிடரியில் கவ்வி வெளியே இழுத்து வந்தான். முகத்தை நக்கினான். காலால் உலுக்கினான். "எழுந்திரு கண்ணு! அம்மா வர்ற நேரமாச்சு, எழுந்திரு!"

அவள் எழுந்திருக்கவில்லை. பெற்றவன் ஆசையாக விரித்த படுக்கையே பிள்ளைக்குப் பாடையாகிவிட்டது. எந்தத் தகப்பனுக்கும் இந்தக் கொடுமை வரக் கூடாது.

பொழுது சாயும்போது தாழை வந்தாள். "தங்கச்சிக்குப் பையன் பொறந்திருக்கான்!" என்று தூரத்திலேயே கூவிக்கொண்டு வந்தவள், வாசலைப் பார்த்ததும் நின்றாள். மகளை முகர்ந்து பார்த்தாள். வடிகாலைப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க பண்ணினீங்க?"

கூரன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சுத்தம் பண்ணினேன், தாழை. ரொம்ப நல்லா சுத்தம் பண்ணினேன்" என்று விம்மினான்.

நீதி: காரணத்தைக் காதுகொடுத்துக் கேட்கப் பொறுமையில்லாதவன் செய்கிற நல்ல வேலையும் குடியைக் கெடுக்கும்.