பிள்ளை குட்டிக்கார விரால்

ஓடைக்கரம்பூருக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அது எங்கள் தலையெழுத்து. ஏரிக்கரை பஸ் நிறுத்தத்தில் நான் பஞ்சர் கடை போட்டு இருபத்திரண்டு வருஷமாகிறது. அந்த ஊர்க்காரர்கள் பண்ணுவதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துத் தொலைத்திருக்கிறேன். ஒருத்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பின் சக்கரத்தில் காற்று இல்லை, முன் சக்கரத்தில் இருப்பதில் பாதியை எடுத்துப் பின்னால் போட்டுக் கொடுங்கள் என்றான். அப்படியே போட்டுவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். சந்தோஷமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

அந்த ஊரிலேயே பேர்போன குடும்பம் ஒன்று உண்டு. அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் ஏகாம்பரம், எதையும் யோசித்துத்தான் செய்வார். கோளாறே அதுதான். நடுவில் தங்கவேல், சந்தேகப் பிராணி. கடைசி கன்னியப்பன், சொன்னதைச் செய்வான், நிறுத்து என்று யாராவது சொல்லும்வரை செய்துகொண்டே இருப்பான். மூவரில் கல்யாணமானவன் அவன் ஒருத்தன்தான், இரட்டைப் பிள்ளை வேறு. அவனுக்குப் பெண் கொடுத்த மகராசன் யாரோ, இன்னும் என் கண்ணில் படவில்லை.

இந்த மூன்று பேருக்கும் ஒரே தங்கை, பூங்காவனம். டவுனில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டுக்கு வரவேண்டிய மூளை மொத்தமும் அவளுக்கே வந்துவிட்டது போலிருக்கிறது. இருபத்தொன்பது வயசாகியும் கல்யாணம் கூடிவரவில்லை. அதற்கு ஜாதகம் காரணமில்லை, அண்ணன்மார்தான் காரணம். முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார், எங்களுக்குச் சும்மா ஒரு டம்ளர் தண்ணி போதும் என்றார்கள். வந்த பதினோரு பேருக்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு மூவரும் கையைக் கட்டி நின்றார்கள். அடுத்து வந்தவர்கள், பெண்ணைப் பற்றி எதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார்கள். ஏகாம்பரம் அவள் பிறந்த அன்று காலையிலிருந்து ஆரம்பித்தார். அவளுக்கு ஆறு வயசில் அம்மை போட்ட கட்டத்துக்கு வரும்போது கடைசி பஸ் போய்விட்டது.

இப்போது மூன்றாவதாக ஒரு வரன். மாப்பிள்ளை தாமோதரன். பெண் பார்க்க வந்த அன்று வாயே திறக்கவில்லை, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். வாயைத் திறக்காத ஒரு ஆளை அந்த வீட்டில் பார்ப்பதே பூங்காவனத்துக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கிறது. அவனை அவளுக்குப் பிடித்துப்போனது. மாப்பிள்ளையின் அப்பா முனிரத்தினம் போகும்போது, உங்கள் ஏரி விராலைப் பற்றி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், விரால் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"பெரியண்ணா, நாலு விரால் டவுன் மார்க்கெட்ல வாங்கிட்டு வந்துடுங்க. இந்தக் கல்யாணம் நடக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு" என்று வெட்கத்தை விட்டுச் சொன்னாளாம் பூங்காவனம்.

"நம்ம ஏரி விரால்னு கேட்டிருக்கார். மார்க்கெட் விரால் எந்த ஏரின்னு யாருக்குத் தெரியும்? அதுக்கே தெரியாது" என்றார் ஏகாம்பரம்.

ஏரியில் வலை போட முடியாது, குத்தகைக்காரர் சண்டைக்கு வருவார். தூண்டில் யார் வேண்டுமானாலும் போடலாம். எங்கள் பக்கத்தில் விராலுக்கு உயிர்த் தவளையைத்தான் முள்ளில் கோர்ப்பார்கள். அதில்தான் சிக்கல். போன சித்திரையில் மழை வேண்டித் தவளைக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார்களே, அதில் பெண் தவளை இவர்கள் வீட்டுக் கிணற்றடியிலிருந்து போனது. பத்திரிகை அடித்து, மேளம் வைத்து, மூன்று பேரும் பெண் வீட்டாராக நின்று செய்து வைத்தார்கள். அந்தக் குடும்பத்தில் அவர்கள் முன்னால் நின்று நடத்தியதில் கூடிவந்த ஒரே கல்யாணம் அதுதான். பொண்ணையும் மாப்பிள்ளையையும் அந்த ஏரியிலேயே விட்டிருப்பதால், இனி ஏரியில் இருக்கும் எந்தத் தவளையும் உறவு, முள்ளில் கோர்க்க முடியாது என்று முடிவாகிவிட்டது.

அதனால் சனிக்கிழமை மூவரும் டவுனுக்குப் போய், மீன்பிடி சாமான் விற்கிற சேவியர் கடையில் ஏறினார்கள். சேவியர் பொறுமைசாலி. தட்டு நிறைய டூப்ளிகேட் இரைகளை எடுத்துப் போட்டார். ரப்பர் புழு, பிளாஸ்டிக் மீன், தகரத்தில் பளபளவென்று ஒன்று, ரப்பர் தவளையில் இரண்டு நிறம். புழு குனிந்த தலை நிமிரவில்லை என்று தள்ளினார்கள். பிளாஸ்டிக் மீன் முறைக்கிறது என்று தள்ளினார்கள். கடைசியில் தவளைக்கு வந்தார்கள்.

"அண்ணா, இந்தத் தவளை நமக்கு என்ன முறை?" என்றார் தங்கவேல்.

ஏகாம்பரம் அதை அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "ரப்பர். முறை கிடையாது" என்றார்.

பச்சைத் தவளை தெளிந்த தண்ணீருக்கு, மஞ்சள் தவளை கலங்கின தண்ணீருக்கு என்று சேவியர் விளக்கினார். உங்கள் ஏரித் தண்ணீர் எப்படி என்றும் கேட்டார். கண்ணாடி மாதிரி இருக்கும், போட்ட ஊசி தெரியும் என்றார்கள் மூவரும். அப்படியென்றால் பச்சை என்று அவர் எடுக்கப் போனபோது ஏகாம்பரம் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாண காரியமாக வந்திருக்கிறோம், மஞ்சள்தான் மங்களம் என்றார். சேவியர் நெற்றியைத் தடவிக்கொண்டு மஞ்சளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு தூண்டில் ராடும் நூல் சுற்றுகிற ரீலும் இரவல் கொடுத்தார். போகிறபோது நாலு விஷயம் சொன்னார். ஏகாம்பரம் பையில் இருந்த தவளைக் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அதை வரி விடாமல் எழுதிக்கொண்டார். கரையில் சத்தம் கூடாது. மீனாக இருந்தால் எங்கே இருப்போம் என்று யோசிக்க வேண்டும். கடித்தவுடன் இழுக்கக் கூடாது, ரெண்டு மூணு எண்ணிவிட்டு இழுக்க வேண்டும். பிள்ளை குட்டியோடு இருக்கிற விராலை எடுக்கக் கூடாது, மாட்டினால் வால் பக்கம் தாங்கிப் பிடித்து மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

நல்ல மனுஷன், நல்லதைத்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்றுதான் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மூவரும் படித்துறையில் நின்றார்கள். என் கடையிலிருந்து கூப்பிடு தூரம். தண்ணீர் தெளிந்து கிடந்தது, கையில் இருந்தது மஞ்சள் தவளை.

"பச்சையை வாங்கியிருக்கணும்" என்றார் தங்கவேல்.

"தவளையை மாத்த டவுனுக்குப் போகணும். தண்ணியை மாத்த எங்கயும் போக வேண்டாம்" என்றார் ஏகாம்பரம்.

அப்புறம் என்ன, ஊரில் இருந்த எருமை பதினாலையும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். சத்தம் கூடாது என்று பத்திரிகையில் இருக்கிறதே, அதனால் ஒவ்வொரு எருமையின் கழுத்து மணிக்கும் துணி சுற்றினார்கள். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. பிறகு மொத்தத்தையும் தண்ணீரில் இறக்கி மேலும் கீழும் நடத்தினார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் படித்துறைப் பக்கம் முழுவதும் சேறு. இருந்த விரால்கள் எல்லாம் எதிர்க்கரைக்கு ஓடுவதை நானே பார்த்தேன். தண்ணீர் மேலே கோடு கோடாகத் தெரிந்தது. இப்போதுதான் மஞ்சளுக்குத் தோதான தண்ணீர் என்று ஏகாம்பரம் திருப்திப்பட்டார்.

அடுத்தது யோசிக்கிற வேலை. கரையில் நின்றுகொண்டு மீனாக யோசிப்பது முறையில்லை என்று பேசி, கன்னியப்பனைக் கழுத்தளவு தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். நீ மீன், நாங்கள் சொல்கிறவரை யோசித்துக்கொண்டிரு என்றார்கள். அவனும் கண்ணை மூடிக்கொண்டான். அரை மணி கழித்து ஏகாம்பரம் விசாரித்தார்.

"மீனுக்கு என்ன தோணுது?"

"பசிக்குது. இட்லி தின்னணும்னு தோணுது."

"வேற?"

"குளுருது. கரையேறணும்னு தோணுது."

ஏகாம்பரத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. மீன் தானாகவே கரைக்கு வர ஆசைப்படுகிறது, நல்ல சகுனம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ராடை ஓங்கி ஓங்கி வீச ஆரம்பித்தார். தவளை மரத்தில் மாட்டியது, எருமைக் கொம்பில் மாட்டியது, தங்கவேலின் துண்டோடு ஒருமுறை ஏரிக்குள் போய் வந்தது. விரால் மட்டும் வரவில்லை.

பதினோரு மணி பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். முனிரத்தினமும் தாமோதரனும் மட்டும்தான். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. வரவேற்கப் பூங்காவனம் என் கடை வாசலில் காத்திருந்தாள். பட்டுப் புடவை, தலை நிறைய பூ. எங்கே உங்கள் அண்ணன்மார் என்று முனிரத்தினம் கேட்டார். படித்துறையைக் கைகாட்டினாள், வேறு என்ன செய்வாள். அவர் வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக இறங்கிப் போனார். எருமைகள் மிதித்த சேற்றில் கால் புதைந்து வேட்டி முழங்கால்வரை நாறிப்போனது. கழுவலாம் என்று கடைசிப் படியில் குனிந்தார்.

ஏகாம்பரம் வீசிய தவளை நேராக வந்து அவர் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டது.

"கடிச்சிருச்சு" என்று தங்கவேல் தாவி நூலைப் பிடித்தார்.

"இழுக்காதே. ரெண்டு மூணு எண்ணணும்."

"ரெண்டா, மூணா அண்ணா?"

அண்ணனும் தம்பியும் அங்கேயே நின்று விவாதித்தார்கள். முனிரத்தினம், ஐயா என் இடுப்பிலே முள்ளு, என் இடுப்பிலே முள்ளு என்று அலறிக்கொண்டிருந்தார். கரையில் சத்தம் கூடாது சம்பந்தி, மீன் ஓடிவிடும் என்று ஏகாம்பரம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். கடைசியில் இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து எண்ணுவது என்று முடிவாயிற்று. ஐந்து எண்ணி இரண்டு பேரும் சேர்ந்து ஒரே இழுப்பு. முனிரத்தினம் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து, ஒரு எருமைக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கமாகக் கரைக்கு வந்து சேர்ந்தார். உடம்பு முழுக்கச் சேறு. மஞ்சள் தவளை மட்டும் இடுப்பில் பளிச்சென்று இருந்தது.

ஏகாம்பரம் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தார். பத்திரிகையைத் திருப்பிக் கடைசி வரியைப் படித்தார். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"தங்கவேலு, இதை எடுக்க முடியாது. பிள்ளை குட்டிக்காரர்."

"நிச்சயமாத் தெரியுமா அண்ணா?"

"பையன் அதோ மேட்டுல நிக்கிறான் பாரு."

சட்டம் சட்டம்தானே. ஒருவர் தலைப் பக்கம் பிடிக்க, இன்னொருவர் சேவியர் சொன்னபடி வால் பக்கம் தாங்கிப் பிடிக்க, சம்பந்தியாகப் போகிறவரை மெதுவாக, நோகாமல், திரும்ப ஏரிக்குள் விட்டார்கள். பக்கத்தில் கண்ணை மூடி நின்ற கன்னியப்பன் லேசாக நகர்ந்து இடம் கொடுத்தான்.

என் பக்கத்தில் பூங்காவனம் பழைய டயர் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "போச்சு அண்ணே. இதுவும் போச்சு" என்றாள்.  அந்த மூன்று பேரையும் ஒரு டியூபில் கட்டி ஏரி நடுவில் தள்ளிவிட்டு வரலாமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

முனிரத்தினம் மார்பளவு தண்ணீரில் எழுந்து நின்றார். "எதுக்கய்யா பிடிச்சீங்க? பிடிச்சதை எதுக்கய்யா விட்டீங்க?" என்று கேட்டார். ஏகாம்பரம் பணிவாகப் பத்திரிகையை நீட்டினார். அவர் கையை உதறித் துடைத்துக்கொண்டு, நாலு வரியையும் வாய்விட்டுப் படித்தார். நாலாவது வரியை இரண்டு தரம் படித்தார்.

"சரியாத்தானே இருக்கு. பிள்ளை குட்டிக்காரனை எடுக்கக் கூடாதுதான். விட்டது நியாயம்" என்றார். பிறகு மேட்டைப் பார்த்து, "டேய் தாமோதரா, அப்பா இங்க இருக்கேன், நீ ஏன்டா அங்க நிக்கிற?" என்றார்.

மாப்பிள்ளை அன்றுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "அதானே அப்பா. தனியா நின்னா என்னைக் கொக்கு தூக்கிட்டுப் போயிடாதா?" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிவந்து ஏரிக்குள் குதித்தான். அப்பாவின் பின்னால் போய் ஒட்டி நின்றுகொண்டான்.

நான் பூங்காவனத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க மனசு வரவில்லை.  ஒரு வழியாகத் திரும்பினால், அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்ல மூணு பேர் அண்ணே. அங்க ரெண்டு பேர்தான்."

"மாமியார் எப்படிம்மா?"

"போன வாரம் ஃபோன்ல பேசினேன். நல்லாத் தெளிவாப் பேசினாங்க. பாவம், அந்த ரெண்டையும் தனியாச் சமாளிக்கிறாங்க. நான் போனா ரெண்டுக்கு ரெண்டு ஆயிடும்" என்று எழுந்து புடவையைத் தட்டிவிட்டாள். "முழங்கால் வலியாவது ஒண்ணாவது, அவங்க வராம இருந்ததுக்குக் காரணம் எனக்கு இப்பதான் புரியுது."

தட்டை அவளே வீட்டிலிருந்து எடுத்து வந்தாள். தண்ணீருக்குள் நின்றபடியே தட்டை மாற்றிக்கொண்டார்கள். இவர்களை நம்பி யார் உலை வைப்பார்கள் என்று காலையிலேயே கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாளாம். ஏரி விரால் ஏரி விரால்தான் என்று முனிரத்தினம் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது, நானும் போயிருந்தேன். பெண் வீட்டுப் பக்கம் ஒரு அண்ணன் குறைந்தது. என்னவென்று கேட்டால், கன்னியப்பன் இன்னும் ஏரியில்தான் இருக்கிறான் என்றார்கள். நிறுத்து என்று சொல்ல அன்றைக்கு எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறுநாள் ஞாபகம் வந்து, கையைப் பிடித்துத் தூக்கப் போயிருக்கிறார்கள். அவன் ஒரேயடியாக மறுத்துவிட்டானாம், எனக்கு இரட்டைப் பிள்ளை இருக்கிறது, என்னை எடுக்கக் கூடாது என்று. ஏகாம்பரம் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, அவன் சொல்வதுதான் சரி என்று சொல்லிவிட்டார். முகூர்த்தம் முடிந்ததும் அவனுக்கும் ஏரிக்குள்ளேயே வாழை இலையை மிதக்கவிட்டு இட்லி பரிமாறினார்கள். விரால் வந்து தின்றுவிட்டுப் போயிற்று.