பத்து பாகக் கிணறு

கிரேக்கக் கடலில் மெலோரா என்று ஒரு தீவு. அங்கே எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால் கவிஞர் அகெலாஸ் அந்த ஊருக்குச் சட்டம் செய்தபோது எல்லாவற்றையும் பாட்டாகவே செய்தார். அறுவடைத் திருவிழாவில் ஊரே கூடி நின்று பாடிவிட்டால் அது சட்டம். ஒரு வரியை மாற்றுவதென்றாலும் அடுத்த திருவிழாவில், ஊரே பாடித்தான் மாற்ற வேண்டும்.

தண்ணீருக்கும் ஒரு பாட்டு இருந்தது. சொந்த நிலத்தில் பத்து பாகம் தோண்டியும் ஊற்று வராதவனுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் தினமும் இரண்டு குடம் தண்ணீர் தர வேண்டும். ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம்.

அகெலாஸின் சீடன் எவார்க்கஸுக்கும் கிட்டத்தட்ட குருவின் வயதுதான். அவன் கிணறு ஒன்பதரை பாகத்தில் பாறையில் முட்டி நின்றது.

பக்கத்து நிலத்து டெலிக்லஸிடம் போய்த் தண்ணீர் கேட்டான். அவர் வந்து கயிறு விட்டு அளந்தார்.

"அரை பாகம் குறையுதேப்பா" என்றார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஊற்று இருப்பதோ மலைக்கு அந்தப் பக்கம். ஆடுகளுக்கு எவார்க்கஸ் சுமந்தான். வீட்டுக்கு அவன் மனைவி மிரினா சுமந்தாள். அவளுக்கு எட்டு மாதம். ஒரு நாள் சரிவில் குடத்தோடு வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். நல்லவேளை, உடைந்தது குடம் மட்டும்தான்.

"உங்க குரு பெரிய கவிஞராச்சே" என்றாள், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "போய்ச் சொல்லுங்க. பத்துல ஒண்ணைக் குறைச்சா பாட்டு ஒண்ணும் செத்துப்போயிடாதுன்னு."

எவார்க்கஸ் போனான். அகெலாஸ் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, அது ஏன் பத்து? ஏன் ஒன்பது இல்ல?"

அகெலாஸ் கொஞ்சம் யோசித்தார்.

"மறைக்காம சொல்லட்டுமா? ஒன்பதும் போட்டுப் பார்த்தேன். தாளம் இடிச்சுது. பத்துன்னதும் பாட்டு அழகா உட்கார்ந்துடுச்சு."

"உங்க தாளத்துக்காக என் பெண்டாட்டி மலை ஏறணுமா?"

"ஏறக் கூடாது. தப்பு என்னோடதுதான்."

"அப்போ டெலிக்லஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அவர் தட்ட மாட்டார்."

"தட்ட மாட்டான். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. அப்புறம் ஊரே பாடினதுக்கு என்ன மதிப்பு?"

மொச்சையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"உன்கிட்ட கடப்பாரை ஒண்ணு இருக்கா, ரெண்டு இருக்கா?"

அன்றைக்கே இரண்டு பேரும் கிணற்றில் இறங்கினார்கள். மலைக்கு அந்தப் பக்கமிருந்து தண்ணீரை அகெலாஸின் கழுதை சுமந்தது. அதுவும் ஆறு நாளைக்குத்தான். அதற்கப்புறம் ஆலிவ் அறுவடை. கழுதை அங்கே வேண்டும்.

பாறை லேசில் விடவில்லை. ஒரு நாள் முழுக்க இடித்தாலும் ஒரு சாண்கூட இறங்காது. இரண்டாம் நாளே அகெலாஸின் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு இடித்தார்.

ஊர்க்காரர்கள் மேலே நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன கவிஞரே, உள்ளே பாட்டு கிடைச்சுதா?"

"கல்லுதான் கிடைக்குது. ஒண்ணு மேல எறியட்டுமா?"

மிரினா கூடையில் ரொட்டி இறக்கினாள். "ஐயா, அடுத்த தடவை பாட்டுக் கட்டும்போது என்னையும் கூப்பிடுங்க" என்று குரல் கொடுத்தாள்.

"கண்டிப்பா கூப்பிடுறேன் தாயே" என்று ஆழத்திலிருந்து பதில் வந்தது.

ஆறாம் நாள் டெலிக்லஸ் மறுபடி கயிற்றோடு வந்தார். அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். சரியாகப் பத்து பாகம். அடியில் ஈரம்கூட இல்லை.

எல்லாரும் டெலிக்லஸின் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்குறீங்க? நானும் சேர்ந்து பாடினவன்தானே" என்றார். பிறகு மிரினா பக்கம் திரும்பினார். "நீ தூக்காதேம்மா. உன் வீட்டுக்காரரை அனுப்பு. ரெண்டு குடம். அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது."

எவார்க்கஸ் இரண்டு குடமும் ததும்பத் ததும்பக் கொண்டுவந்து வைத்தான். மிரினா முதல் குவளையை மொண்டு அகெலாஸின் கையில் ஊற்றினாள். எரிச்சலில் அவர் முகம் சுளித்தார்.

எவார்க்கஸுக்கு மனசு ஆறவில்லை.

"ஐயா, பத்து தப்புன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க."

"ஆமா. திருவிழாவுல ஊர் முன்னாடியும் ஒத்துக்கப் போறேன். ஒன்பதுக்கு ஒரு தாளம்கூட அகப்பட்டுடுச்சு. இடிக்கும்போதே வந்தது."

"அப்புறம் எதுக்குக் கை கிழிய இத்தனை நாள் இடிச்சீங்க?"

அகெலாஸ் கையை உதறிக்கொண்டார்.

"இன்னைக்கு அது பத்துதானே."